தை மாதத்துத் தட்டும் சித்திரை மாதத்துத் தட்டும்

குன்னம், வேப்பூர் பக்கத்தில் புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்தால் தை வரைக்கும் காட்டில் வேலை ஓயாது. களை வெட்ட வேண்டும், உரம் வைக்க வேண்டும், கதிர் ஒடிக்க வேண்டும். பருத்தி போட்டவர்களுக்குப் பஞ்சு எடுக்கிற வேலை அதற்குப் பிறகும் இருக்கும். சித்திரையில் மானாவாரிக் காடு சும்மா கிடக்கும்; நாமும் வீட்டில் இருப்போம். ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் தை மாதத்து அளவிலேயே விழுகிறது. உடம்பு எடை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உணவிலிருந்து உடம்புக்குக் கிடைக்கிற சக்தியைக் கலோரியில் அளக்கிறோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்த வேலை செய்பவர் என்றால் நாளைக்கு 1,660 கலோரி போதும். நடுத்தர உழைப்புக்கு 2,130. நாள் முழுக்கக் கடும் உழைப்பு என்றால் 2,720. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இதே வரிசையில் 2,110, 2,710, 3,470.

பெண்ணின் கணக்கையே பாருங்கள். ஆள் மாறவில்லை, வயது மாறவில்லை. வேலை மட்டும் மாறியதில் ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம். உலையில் போடுகிற அரிசியில் அது கிட்டத்தட்ட 300 கிராம்! அதனால்தான், அம்மா மூன்று வேளையும் வயிறாரச் சோறு சாப்பிட்டும் ஒல்லியாக இருந்தாரே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம், அம்மா என்ன வேலை செய்தார் என்று நான் கேட்கிறேன். இன்று கதிர் அறுக்க இயந்திரம் வருகிறது, கடைக்குப் போக வண்டி இருக்கிறது.

எடை கூடுவதைப் பட்டணத்துப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உயரத்துக்கு மிஞ்சிய எடையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 31தான்.

சோற்றைவிடக் கண்ணுக்குத் தப்புவது எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் எண்ணெய் 9. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? அதை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒரு லிட்டர் என்றாலே நாளைக்கு ஏறக்குறைய 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. கடையில் வாங்கும் பஜ்ஜியும் போண்டாவும் இதில் சேராது. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கலோரி. நாளைக்கு நாலு டீ குடித்தால் 160.

எடை குறைக்க நினைப்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். வேலையில்லாத மாதங்களில் நாளைக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதும். சோற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீரை, காய், சுண்டல் வையுங்கள், பசி தாங்கும். காட்டு வேலை தொடங்கியதும் சோற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது குறைத்துச் சாப்பிட்டால் உழைக்கத் தெம்பு இருக்காது.

உங்கள் எடை சரியா என்று பார்க்க, கிலோவை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 55 கிலோவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அவரே 44 கிலோவுக்குக் கீழே இருந்தால் இன்னும் நன்றாகச் சாப்பிட வேண்டும். நம் ஊர்களில் அப்படிப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். எடை குறைக்கும் பேச்சில் அவர்களை மறந்துவிடக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். குழந்தை பிறந்த முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு 600 கூடுதலாக வேண்டும். அவர்கள் தட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் அளவையும் அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.