மகள் கையெழுத்து வைக்க முதல் அம்மாவின் கணக்கையும் பாருங்கோ

பிரித்தானியாவில் வாழும் எங்கள் உறவுகளுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



இன்றைக்கு எங்கட வீடுகளுக்குள்ள இருக்கிற ஒரு காசுக் கணக்கைப் பற்றிக் கதைக்கப் போறன். வயது போன அம்மாவையோ, இயலாத அண்ணாவையோ வாரத்துக்கு 35 மணித்தியாலமோ கூடவோ பராமரிக்கிற ஒருவர் ‘கேரர்ஸ் அலவன்ஸ்’ கேட்கலாம். 2025-26இல் அது வாரம் 83.30 பவுண். இதைக் கேட்டால் அம்மாவின் காசு குறையுமா? எங்கட சனம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

முதலில் நல்ல செய்தி. அம்மாவின் அட்டென்டன்ஸ் அலவன்ஸோ, பிப் கொடுப்பனவோ ஒரு பென்ஸ்கூடக் குறையாது. அம்மாவுக்கு அப்படி ஒன்று கிடைத்தால்தான் மகள் விண்ணப்பிக்கவே முடியும்.

வெட்டு விழுவது வேற இடத்தில். பென்ஷன் கிரெடிட்டோட சிலருக்குக் கடும் இயலாமைக்கென்று மேலதிகமாகக் காசு வருகிறது; 2025-26இல் அது வாரம் 82.90 பவுண். அதுக்கு மூன்று நிபந்தனை. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் போன்ற கொடுப்பனவு இருக்கவேணும். வேறு பெரியவர்கள் இல்லாமல் தனிய வாழவேணும். அவரைப் பராமரிப்பதற்காக ஒருவரும் அரசிடம் பராமரிப்புக் கொடுப்பனவு வாங்கக் கூடாது. மகளுக்குக் காசு வரத் தொடங்கினால் மூன்றாவது நிபந்தனை உடையுது.

2025-26 கணக்கைப் பாருங்கோ. மகளுக்கு வருவது 83.30. அம்மாவுக்குப் போவது 82.90. குடும்பத்துக்கு மிச்சம் வாரம் 40 பென்ஸ்! அதிலும் மகளின் காசு வரிக்கு உட்பட்டது.

மகள் யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்தால் இன்னும் மோசம். கேரர்ஸ் அலவன்ஸ் முழுக்க அதில் கழிபடும். பதிலுக்குப் பராமரிப்பாளர் பகுதி சேரும்; 2025-26இல் அது மாதம் 201.68 பவுண். அம்மா இழப்பதோ மாதம் ஏறக்குறைய 359. குடும்பத்துக்கு மாதம் 157 பவுண் நட்டம். கேரர்ஸ் அலவன்ஸ் கேட்காமல் அந்தப் பராமரிப்பாளர் பகுதியை மட்டும் எடுத்தாலும் அம்மாவுக்கு இதே வெட்டுத்தான்.

இன்னொன்று. 2025-26 கணக்கில், தனிய இருக்கும் அம்மாவுக்குப் புதிய அரச ஓய்வூதியம் முழுதாக, 230.25 பவுண் வருகுது என்று வைப்பம். அந்த ஆண்டில் பென்ஷன் கிரெடிட்டின் சாதாரண எல்லை 227.10. அந்த 82.90 சேர்ந்தால்தான் எல்லை 310 ஆகி, அவவுக்கு வாரம் 79.75 கிடைக்குது. அது போனால் பென்ஷன் கிரெடிட்டே இல்லை. 75 வயது தாண்டியவர் என்றால் இலவச டிவி லைசென்ஸும் போகும். வீட்டு வாடகை உதவியும் கவுன்சில் வரிச் சலுகையும் குறையலாம்.

அப்ப ஒருவரும் கேட்கக் கூடாதா? இல்லை உறவுகளே, அப்படிப் பயந்து விட்டுவிடாதேங்கோ. அம்மா உங்களோடேயே இருந்தால், பெரும்பாலும் அந்த மேலதிகக் காசு அவவுக்கு வருவதே இல்லை. இழக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கேட்காமல் இருப்பதுதான் நட்டம். பராமரிப்பவருக்கே ஓய்வூதியம் கேரர்ஸ் அலவன்ஸ் தொகைக்கு மேல் வந்தால், அந்த அலவன்ஸ் அவர் கைக்கு வராது. அதனால் அம்மாவுக்கும் வெட்டில்லை. ஆனால் விண்ணப்பித்து வைத்தால், அவரின் சொந்தப் பென்ஷன் கிரெடிட் கணக்கில் ஒரு தொகை சேரும்; 2025-26இல் அது 46.40.

வாரம் 20 மணித்தியாலம் பராமரித்தால் ‘கேரர்ஸ் கிரெடிட்’ கேட்கலாம். அது காசு தராது. ஆனால் உங்கள் ஓய்வூதியப் பதிவில் இடைவெளி விழாது. அம்மாவையும் அது தொடாது.

ஆகவே, கையெழுத்து வைக்க முதல் அம்மாவின் பென்ஷன் கிரெடிட் கடிதத்தை எடுத்து, ‘சிவியர் டிஸபிலிட்டி’ என்ற வரி இருக்கா என்று பாருங்கோ. இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ கேரர்ஸ் யூகேயிலோ இரண்டு பக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கோ. ஏற்கனவே வாங்கத் தொடங்கியிருந்தால், பென்ஷன் சேவைக்கு உடனே அறிவியுங்கோ. இல்லாவிட்டால் கூடக் கொடுத்த காசு என்று அம்மாவின் தலையில் கடன் விழும். ஸ்கொட்லாந்தில் பெயர் ‘கேரர் சப்போர்ட் பேமென்ட்’. அம்மாவுக்கு விழும் அந்த வெட்டு அங்கேயும் உண்டு.

ஒரு பராமரிப்புக்கு இரண்டு தரம் காசு தரமாட்டோம் என்பது அரசின் நியாயம். ஆனால் அம்மாவின் அந்த மேலதிகக் காசு மகளின் சம்பளமா? அது ஹீட்டருக்கும் டாக்சிக்கும் போகிற காசு. 1976இல் இந்தக் கொடுப்பனவு தொடங்கியபோது திருமணமான பெண்களுக்கு அது இல்லை. தாயைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டா. 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவ பக்கம் தீர்ப்புச் சொன்னது; அந்தத் தடை போனது. கேட்டபடியால் மாறியது. நாங்களும் எங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்போம்.

அம்மாவைப் பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதைக் கொண்டு போய்ச் சேருங்கள்.