ஆளுக்கொரு வெள்ளி



ஈப்போவில் பட்டம் பெறும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்கள் முன்னே பேசக் கிடைத்த இந்த வாய்ப்பில் தனிநாயகம் அடிகளை நினைக்க விரும்புகிறேன். யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் சமயக் கல்வி கற்று, 1938இல் கத்தோலிக்கக் குருவானார். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்தவருக்குத் தமிழ் இலக்கியம் எட்டத்திலேயே இருந்தது. திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது அந்தக் குறை அவரை உறுத்தியது. முப்பது வயதைத் தாண்டிய சாமியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். அவர் வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ‘எனக்குத் தெரியாது’ என்று ஒப்புக்கொள்ள, படித்தவனுக்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

பிறகு அவர் பழைய தமிழ் நூல்களைத் தேடிப் புறப்பட்டார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான, புரோஎன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதை வெளிக்கொணர்ந்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் அங்கே கூடியது. அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர்.

அந்தத் துறைக்கு ஒரு முன்கதை உண்டு. 1950களில், தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்த தோட்டத்துச் சனங்களும் கொடுத்தார்கள். அன்றாடக் கூலியில் ஒரு வெள்ளி சின்னத் தொகை இல்லை. தாங்கள் ஒருநாளும் நுழையப்போகாத பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இருக்கட்டும் என்று கொடுத்த பணம் அது. அடிகளின் புலமை உலக அரங்கேற, அவர்களும் தோள் கொடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

அடிகள் 1980இல் மறைந்தார். திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டவில்லை. பிற சமயத்தார் யாத்த இலக்கியத்தையும் தன் சொத்தாகக் காத்த துறவியை நான் புனிதர் என்றே சொல்வேன்.

அன்று வெள்ளி கொடுத்த சனங்களின் உலகமும் மறைந்து வருகிறது. பேராக்கின் கித்தா (ரப்பர்) காடுகள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களோடு பாட்டுகள் போகின்றன. மூடிய தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகளும் கோயில் கணக்குப் புத்தகங்களும் கறையானுக்குப் போகின்றன. வத்திக்கான்வரை தேடிப் போக வேண்டியதில்லை. சுங்கை சிப்பூட்டுக்கும் பத்து காஜாவுக்கும் போங்கள். பாட்டி பாடும் தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய பதிவேடு யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு படியெடுத்து, ஒரு படியை உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சேருங்கள். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.