புகைப் பெட்டிக்கு உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

(பிரிஞ்சாங்கில் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெகிரி செம்பிலானில் ‘சலாய்’ எனப்படும் புகையிட்ட இறைச்சிக்கும் வாத்துக்கும் நல்ல பெயர் உண்டு. நம் குடும்பங்களில் சிலரும் கூட்டாகப் பணம் போட்டு, கோழியும் வாத்தும் புகையிட்டு விற்க மின்சாரப் புகைப் பெட்டி வைக்க எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் பெட்டியைவிட முக்கியமான பொருள் ஒன்று உண்டு. பெட்டியின் சூட்டை அடக்கி ஆளும் கருவிதான் அது. அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சரக்கு கெடும். வாங்கித் தின்றவர் வயிறு கெடும். வீடே தீக்கிரையாகவும் கூடும்.

சூட்டை அடக்குவது நமக்குப் புதிய வித்தையா? இல்லை. ரப்பர் ஷீட்டுப் புகைக்கூடத்தில் வேலை செய்த மூத்தவர்களைக் கேளுங்கள். ஏறத்தாழ 43 முதல் 60 டிகிரி வரை சூடு இருக்க வேண்டும். அதற்குமேல் ஏறினால் ஷீட்டில் கொப்புளம் கட்டும், தரம் இறங்கும். குறைந்தால் காயாது, பூஞ்சை பிடிக்கும். இங்கே தேயிலை ஆலையிலும் அதே கதைதான். உலர்த்தும் இயந்திரத்தில் சூடு போதாவிட்டால் இலை அவிந்துபோகும். மிஞ்சினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அல்லது கருகும். அடுப்பில் விறகைத் தள்ளியும் இழுத்தும், காற்றுக் கதவைத் திறந்தும் மூடியும் அந்தத் தொழிலாளி செய்த வேலையைத்தான் இன்று இந்தச் சிறு கருவி செய்கிறது.

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதலாவது, பழைய மின்சார அடுப்பில் இருப்பதுபோன்ற திருகு தெர்மோஸ்டாட். குழாய்க்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் திருகின் எண்ணை அப்படியே நம்ப முடியாது. தனியாக ஒரு வெப்பமானி வேண்டும்.

இரண்டாவது, எண் காட்டும் மின்னணுக் கருவி. குறித்த சூடு வந்ததும் அணைக்கும், இறங்கியதும் போடும். 110 என்று வைத்தால், அணைத்த பிறகும் கம்பியில் தங்கிய சூட்டால் பெட்டி இன்னும் சற்று ஏறும், பிறகு இறங்கும். இறைச்சி மெதுவாக வேகும் பொருள். ஆகவே சில டிகிரி ஊசலாட்டத்தால் குடி முழுகிப் போகாது.

மூன்றாவது, ‘பி.ஐ.டி.’ என்னும் வகை. குறித்த சூட்டை நெருங்கும்போதே மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஊசலாட்டம் இல்லாமல் நிறுத்தும். கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் ஒரு சங்கதி: மரச்சில்லு சூட்டுக்கம்பியின்மேல் இருந்து புகைகிற பெட்டியானால், இந்தக் கருவி கம்பியை அளவோடு சூடேற்றுவதால் சில்லு கனியாமல் புகையே வராமல் போகலாம். அப்போது புகைக்கென்று தனிக் கம்பியோ தனிச் சட்டியோ வைக்க வேண்டிவரும். எனவே விலை உயர்ந்தது எல்லாம் உங்களுக்கு ஏற்றது என்று எண்ணாதீர்கள்.

இனி, வாங்குமுன் கணக்குப் பாருங்கள். கிராணிமார்களுக்கு இது சுலபம். 2,000 வாட் கம்பியை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். ‘10 ஆம்பியர்’ என்று எழுதிய சிறு கருவிக்கு அது விளிம்புவரை நிறைந்த பால் வாளி! மணிக்கணக்காக எரியும் வேலைக்கு 15, 16 ஆம்பியர் தாங்குவதை வாங்குங்கள்; அல்லது சுமையைத் தாங்கத் தனியே ஒரு காண்டாக்டர் வையுங்கள்.

அடுத்தது டிகிரி. கருவி பாரன்ஹீட்டில் இருக்கிறதா, செல்சியஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 110 பாரன்ஹீட் என்பது 43 செல்சியஸ்தான். ரப்பர் ஷீட்டுக்கு ஏற்ற அந்தச் சூட்டில் கோழியைத் தொங்கவிட்டால், கிருமிகளுக்கு விருந்து வைத்ததாகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் அவை பெருகும் இடம். பெட்டியின் சூடு 105 முதல் 120 செல்சியஸ் வரை இருக்கட்டும். கோழியின் சதைக்குள்ளே 74 டிகிரி வந்தாக வேண்டும். கருவி பெட்டிக் காற்றைத்தான் அளக்கிறது, சதையை அல்ல. சதைக்குள் குத்திப் பார்க்க வேறொரு வெப்பமானி கட்டாயம்.

கருவியும் வெப்பமானியும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும்போது, இந்த மலையில் ஏமாந்துவிடக் கூடாது. கீழ்நாட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங்கில் காற்றழுத்தம் குறைவு. ஏறத்தாழ 95-லேயே கொதித்துவிடும். இது தெரியாமல், ‘ஐந்து டிகிரி குறைத்துக் காட்டுகிறது’ என்று கூட்டித் திருத்திவிட்டால், பிறகு அது 74 காட்டும்போது சதை உண்மையில் 69-தான் இருக்கும். ஆகவே நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து அதில் உணர்கம்பியை வையுங்கள். மலையிலும் சமவெளியிலும் அது 0 காட்ட வேண்டும்.

உணர்கம்பி ‘தெர்மோகப்பிள்’ வகையானால் இரண்டு முனைகளையும் மாற்றி முடுக்கிவிடாதீர்கள். மாற்றினால் சூடு ஏற ஏற எண் இறங்கும். கருவியோ, ‘இன்னும் சூடு போதவில்லை’ என்று மின்சாரத்தை நிறுத்தவே செய்யாது. முடுக்கியதும் கம்பி முனையை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். எண் ஏறினால் சரி.

தோழர்களே, இப்போது நான் சொல்ல வந்த தலையாய செய்திக்கு வருகிறேன். நன்றாக ஓடும்போது எல்லாக் கருவியும் நல்ல கருவிதான். கெடும்போது என்ன ஆகும் என்று கேட்டு வாங்குபவரே விவரமானவர். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பி.ஐ.டி.யுடன் சேர்க்கும் ‘சாலிட் ஸ்டேட் ரிலே’யும் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். எண் பலகை 300 என்று காட்டி அலறும்; நிறுத்த அதற்குக் கை இராது. பெட்டிக்குள்ளோ கொழுப்பும் மரச்சில்லும்! ஆகவே முதற்கருவியோடு தொடர்பில்லாத இரண்டாவது காவல் ஒன்று வேண்டும். வேலைச் சூட்டுக்குச் சற்று மேலே போனதும் தானாக மின்சாரத்தை வெட்டி, மனிதர் வந்து அமுக்கினால்தான் மீண்டும் இணைக்கும் ‘கட்-அவுட்’ அது. அதற்குக் கொடுக்கும் பணம் வீண் செலவல்ல.

மண்கம்பி இணைப்பும், கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் தகரப் பெட்டியில் கை வைக்காதீர்கள். சாலிட் ஸ்டேட் ரிலே அணைந்திருக்கும்போதும் அதன் வழியே சிறிது மின்சாரம் கசியும். பெட்டியைக் கழுவுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். லயத்து வீட்டின் பழைய வயரில் நீட்டிப்புக் கம்பி போட்டு இதை ஓட்டாதீர்கள். பிளக்கிலும் ஸ்விட்சிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்புக் கொடுங்கள்.

முதல் நாள் இறைச்சி போடாமல் வெறும் பெட்டியை நான்கு மணி நேரம் ஓட்டி, கால் மணிக்கு ஒருமுறை சூட்டை ஒரு தாளில் எழுதுங்கள். நம் பிள்ளைகளே எழுதலாம். பளபளக்கும் எண் பலகையும் கடைக்காரர் பேச்சும் சொல்லாத உண்மையை அந்தத் தாள் சொல்லும். பதறாத காரியம் சிதறாது.

வேலைத்தலத்தில் இயந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்று நிர்வாகத்திடம் உரிமையோடு கேட்கிறோம். அதே காப்பை நம் வீட்டு இயந்திரத்துக்கும் நாமே கேட்டு வாங்குவோம். ‘இது கெட்டால் எது நிறுத்தும்?’ கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் இல்லாத கருவியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.