பள்ளிச் சிறுவரும் பாஸ்போர்ட்டும்

(கடம்பூரில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் பெருமையைப் பற்றி இம்மேடையில் பலரும் பலகால் பேசியுள்ளனர். இன்று யாம் பேசப் புகுவது அதனினும் சிறிதாகத் தோன்றும் ஒரு பொருள். பாஸ்போர்ட் என்று வழங்கும் கடவுச்சீட்டைப் பற்றியது அது. பிள்ளைகள் பள்ளியின் சார்பில் அயல்நாடு சென்று வரும் வாய்ப்பு இக்காலத்தில் பெருகி வருகின்றது. அவ்வாய்ப்பு வந்த வேளையில், கற்ற பிள்ளை காகிதமின்மையால் பின்தங்கிவிடலாகாது. இஃதொன்றே எம் விண்ணப்பம்.

நம் கரிசற் பூமியினர் கடல் கடத்தலை அறியாதவர் அல்லர். மழை பொய்த்து, பருத்தியும் கம்பும் கருகிய ஆண்டுகளில், நம் முன்னோர் பலர் தூத்துக்குடியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறி இலங்கைக்குச் சென்றனர். கொழும்பிற்குப் போய்வருதல் அக்காலத்தில் சென்னைக்குப் போய்வருதலினும் எளிதாயிருந்தது. இலங்கை அரசாங்கத்தாரின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரே அந்நாட்டிற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றியமையாதன ஆயின. நம் நாட்டிலோ, 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி, செல்லத்தக்க சீட்டின்றி எவரும் நாட்டைவிட்டு வெளியேறுதல் கூடாது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தார், வெளிநாடு செல்லுதலும் தனிமனித சுதந்திரத்தின் ஓர் அங்கமே எனத் தீர்ப்பளித்தனர். ஆகவே இச்சீட்டு செல்வர்க்கு மட்டும் உரிய ஆடம்பரப் பொருளன்று. குடிமக்கள் யாவரும் முறைப்படி கேட்டுப் பெறத்தக்கது.

“எம் பிள்ளை எங்கே வெளிநாடு போகப் போகின்றான்?” என்று வினவுவோர் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். 2022 நவம்பரில் நம் மாநிலத்து அரசுப் பள்ளி மாணவ மாணவியர் ஷார்ஜாவின் சர்வதேசப் புத்தகக் காட்சியைக் காண அரசாங்கச் செலவிலேயே விமானத்தில் அழைத்துச் செல்லப்பட்டனர். போட்டிகளில் வென்று அவ்வரிசையில் நின்றோர் கிராமத்துப் பிள்ளைகளும் ஆவர். நாளை அவ்வரிசையில் நம் ஊர்ப் பிள்ளையும் நிற்கக்கூடும். அழைப்போ திடீரென வரும். காகிதமோ திடீரெனக் கிடைப்பதன்று.

இனி, தடை நேரும் இடங்கள் மூன்றனை எடுத்துரைப்போம்.

முதலாவது பிறப்புச் சான்று. மருத்துவமனையில் குழந்தை பிறந்தவுடன் பிறப்பைப் பதிவு செய்வர். பெயர் அப்பொழுது சூட்டப்பட்டிராது. பின்னர்ப் பதிவேட்டில் சேர்ப்பாரும் இலர். இவ்வாறு பெயரற்ற சான்றுகள் பல வீடுகளில் பெட்டியடியிற் கிடக்கின்றன. பதிவு செய்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரையில் தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடந்தருகின்றது. 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட பாஸ்போர்ட் விதிகளின்படி, 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்தோர்க்குப் பிறந்த தேதியை மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்று ஒன்றே. முன் பிறந்தோர்க்குப் பள்ளிச் சான்று போன்றவை துணை நிற்கும். இனி வரும் குழந்தைகட்கு அத்துணை இல்லை.

இரண்டாவது பெயர். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றில் லட்சுமி, ஆதாரில் லெட்சுமி, பள்ளிப் பதிவேட்டில் லக்ஷ்மி என்றிருக்கும். வீட்டார்க்கு மூன்றும் ஒன்றே. அலுவலகத்தார்க்கு மூவரும் வெவ்வேறு பெண்கள். அன்றியும், நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இனிஷியலாக வைத்து எழுதும் வழக்கமுடையோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது. அதனை விரித்தெழுதல் வேண்டும். குடும்பப் பெயர் என்னும் கட்டத்தை வெறுமையாக விடுவாரும் உளர். அதனால் விளையும் இடரைக் கேளுங்கள்: மேற்கூறிய அதே 2022 நவம்பர் 21 முதல், ஐக்கிய அரபு நாட்டார், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே உடையோர் சுற்றுலா விசாவில் வருதலை மறுத்தனர். தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருப்பின் ஏற்போம் எனப் பின்னர்த் தெளிவுபடுத்தினர். இதற்காகச் சாதிப் பட்டத்தைப் பிள்ளையின் பெயரோடு ஒட்டவேண்டுவதில்லை. சங்க மேடையில் நின்று கூறுகின்றோமாதலின் இதனை அழுத்தியே கூறுகின்றோம். தந்தையின் முழுப்பெயரை அவ்விடத்து எழுதுதலே அமையும்.

மூன்றாவது பெற்றோர் இசைவு. பதினெட்டு வயது நிரம்பாதார்க்குத் தாய் தந்தையர் இருவரும் கையொப்பமிட்ட உறுதிமொழி வேண்டும். அதற்கு டி இணைப்புப் படிவம் என்று பெயர். ஒருவரது இசைவு பெற இயலாதவிடத்து, மற்றவர் காரணங்கூறிச் சி இணைப்புப் படிவத்தை அளிக்கலாம். 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றங்களின்படி, தாய் அல்லது தந்தை ஒருவர் பெயரை மட்டும் தருதலும் போதும். இவ்வுறுதிமொழிகளை வெள்ளைத் தாளிலேயே எழுதித் தரலாம். நோட்டரி அத்தாட்சி வேண்டா. கணவனை இழந்தும் பிரிந்தும் தனியே மக்களை வளர்க்கும் தாய்மார் நம்மிடை உளர். “தந்தை கையொப்பம் இல்லை, இனி என் பிள்ளைக்கு வழியில்லை” என அவர்கள் சோர்ந்திருத்தல் வேண்டா. சட்டம் அவர்க்கு வழி வைத்துள்ளது.

சீட்டுப் பெறும் முறையும் கடினமன்று. இணையத்தின் வழியே விண்ணப்பித்து, நாள் குறித்துக்கொண்டு, பிள்ளையை உடனழைத்துச் செல்லல் வேண்டும். நம் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. சேவை மையம் திருநெல்வேலியிலேயே உண்டு. கடம்பூரில் ரயிலேறினால் சென்று மீளலாம். சிறுவர்க்குக் கட்டணம் 1000 ரூபாய். எட்டு வயதிற்குட்பட்டார்க்கு அதிற் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. சிறுவர் சீட்டு ஐந்தாண்டு வரையிலோ பதினெட்டு வயது நிரம்பும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். பதினைந்து வயது கடந்தார் விரும்பின் பத்தாண்டுச் சீட்டே பெறலாம். பல நாட்டார் பயணத்தின்போது ஆறு மாதமேனும் காலம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதால், பழைய சீட்டு உடையோர் தேதியை முன்னரே நோக்குக.

பாஸ்போர்ட் இன்றியே செல்லத்தக்க அயல்நாடும் உண்டு. நேபாளத்திற்குப் பதினைந்து வயதிற்குட்பட்ட நம் பிள்ளைகள் ஆதார் முதலிய படமுள்ள அடையாளச் சான்றுடன் செல்லலாம். பதினைந்து முதல் பதினெட்டு வயதினர், பள்ளித் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் அளிக்கும் அடையாளச் சான்றைக்கொண்டே செல்லலாம். பள்ளியாசிரியன்மார் இதனை நினைவிற் கொள்க. ஐரோப்பாவிலோ, இளைஞர் குழுவிற்குப் பொதுச்சீட்டு ஒன்றே போதும் என்னும் ஒப்பந்தத்தை 1961-லேயே பாரிஸில் செய்துகொண்டனர். பிரான்ஸ் தேசத்துப் பள்ளிக் குழுக்கள் தேசிய அடையாள அட்டையுடன் பிரிட்டனுக்குச் செல்லவும் 2023 டிசம்பர் முதல் வழி செய்துள்ளனர். அத்தகைய பொதுச்சீட்டு நம் பிள்ளைகட்கு இல்லை. ஒவ்வொருவர்க்கும் தனிச்சீட்டே வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். எல்லாப் பிள்ளைக்கும் இன்றே பாஸ்போர்ட் எடுமின் என்று யாம் கூறவில்லை. சீட்டு ஐந்தாண்டில் காலாவதியாகும். பயன்படாது கிடப்பின் பணம் வீண். தனியார் பள்ளிகள் சில, பெருந்தொகை பெற்று உல்லாசப் பயணம் அழைத்துச் செல்கின்றன. அண்டை வீட்டுப் பிள்ளை போகின்றதென்று நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் அனுப்புதல் அறிவுடைமையன்று. ஆனால் பிறப்புச் சான்றில் பெயர் சேர்த்தலும், எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரேவிதமாகத் திருத்துதலும் எல்லாப் பிள்ளைக்கும் இன்றே செய்யத்தக்கன. அவற்றின் செலவு சிறிது. அவை பாஸ்போர்ட்டிற்கு மட்டுமன்றி, கல்லூரிக்கும் உத்தியோகத்திற்கும் உதவுவன. வேர் செம்மையாயிருப்பின் சீட்டு வேண்டுங்காலத்தில் விரைந்து வரும்.

பெண்மக்கள் விஷயத்திலும் ஒரு சொல். “மணமாகிப் போகும் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?” என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. தேர்வுப் பட்டியல்களில் பெண்மக்களே முந்தி நிற்கக் காண்கின்றோம். அறிவால் முந்தியவளைக் காகிதத்தால் பிந்த வைத்தல் பெற்றோர் செய்யத்தக்க செயலா என்று எண்ணிப் பார்மின்.

நிறைவாக, இச்சபையின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கின்றோம். மாதந்தோறும் ஒரு ஞாயிறன்று, கணினி அறிந்த நம் வாலிபர் இருவர் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, வருவோரின் ஆவணங்களை ஒத்துப் பார்த்துப் பிழைகளைக் குறித்துக் கொடுத்தல் ஒன்று. சங்கக் கல்வி நிதியிலிருந்து, பள்ளியால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழைப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கட்டணத்தை ஈதல் மற்றொன்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி எந்தச் சாதியினளாய் வரினும், அந்த ஞாயிறன்று அவளுக்கும் எழுதிக் கொடுத்தல் நம் சங்கத்திற்கு அழகு. இவ்விரண்டையும் தீர்மானமாக ஏற்றருளுமாறு சபையோரை வணங்கிக் கேட்டு, எம் உரையை முடிக்கின்றோம்.