அரிசி நாட்டில் கோதுமை அச்சம்



அரிசிச் சோறு உண்ணும் நாட்டிற்குச் செல்பவர் கோதுமையைக் குறித்து அஞ்ச வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். சீலியாக் நோய் உடையவர் அஞ்சத்தான் வேண்டும். கோதுமையே முதன்மை உணவாகிய இத்தாலியைக் காட்டிலும் அரிசியைப் போற்றும் ஜப்பானில் அவர் மிகுதியாக விழித்திருக்க வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்த மாவு இழுபடுவது அதனாலேதான். இந்நோயாளர் அதை உண்டால், உடலின் காப்பு ஆற்றலே திரும்பிச் சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் நுண்ணிய துய்கள் தேய்ந்துவிடும். வயிற்றில் நோவு தோன்றாமலே இச்சேதம் நேர்வதும் உண்டு. ஆகவே, "நேற்று உண்டேன், ஒன்றும் செய்யவில்லையே" என்பது சான்றாகாது. அத்தானியங்களை வாழ்நாள் முழுதும் விலக்குவதே இன்றுள்ள சிகிச்சை.

இதனை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவர் கோதுமையின்மீது ஐயங்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி அரிதாயிற்று. நாடே பட்டினியால் வாடியபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவருடைய ஆய்வேடு வெளிவந்தது.

இனி ஜப்பானுக்கு வருவோம். அங்கே வெறுஞ்சோற்றில் பெரும்பாலும் குற்றமில்லை. அதன்மேல் ஊற்றும் சோயாச் சாற்றில்தான் குற்றம். அச்சாறு பொதுவாகச் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைக்கப்படுவது. மீன், காய்கறி, குழம்பு எதிலும் அது கலந்திருக்கும். சோபா என்னும் நூலுணவு கோதுமையல்லாத வேறொரு விதையின் மாவினால் ஆனது. எனினும் பெரும்பாலான கடைகளில் கோதுமை மாவும் சேர்ப்பர். குளிர்ந்த நீரென்று எண்ணிப் பருகுவது வறுத்த பார்லியின் தேநீராக இருக்கக்கூடும். பொட்டலங்களில் கோதுமையைக் குறிப்பிட வேண்டுமென்று சட்டம் உண்டு. பார்லிக்கு அக்கட்டாயம் இல்லை. உணவகங்களையோ அச்சட்டம் கட்டுப்படுத்துவதில்லை.

இத்தாலியின் நிலை வேறு. 2005ஆம் ஆண்டின் 123ஆம் எண் சட்டம், பள்ளி, மருத்துவமனை முதலிய பொது உணவுச்சாலைகளில் கேட்பவர்க்குக் குளூட்டன் இல்லாத உணவு தர வேண்டுமென விதித்தது. "சென்ட்ஸா குளூட்டினே" என்றால் பரிமாறுபவர் பலருக்குப் பொருள் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்பெயரை இட முடியாது. அங்கும் ஒன்று கேட்டறிய வேண்டும்: பாஸ்தா வெந்த நீரிலேயே இதையும் வேகவைத்தார்களா? மாவு தோய்த்த பண்டம் பொரித்த எண்ணெயா?

பயணம் புறப்படுபவர் அந்நாட்டு மொழியில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது நன்று. "கோதுமை ஆகாது" என்று மட்டும் எழுதினால் சமையற்காரர் ரொட்டியை நீக்கிவிட்டுச் சாற்றை ஊற்றிவிடுவார். சோயாச் சாறு, பார்லி, மாவிட்டுக் கெட்டியாக்கிய குழம்பு என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். கோதுமை சேராத சோயாச் சாற்றைச் சிறு புட்டியில் உடன் கொண்டுசென்று, உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீனோடு சோறுண்பவரும் உளர்.

நம்மவர்க்கு மேலும் ஒரு சொல். வீட்டுப் பொடிதானே என்று நம்பி எடுத்துச்செல்லும் பருப்புப் பொடியிலும் பெருங்காயம் இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். பெட்டியில் வைக்குமுன் அந்த டப்பாவைத் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.