சிங்கப்பூர் வேலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை. பால்மரத்தையே நம்பியிருங்கள் என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. ஏஜெண்டு சொன்ன ஒரு வார்த்தையை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம். கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது. வீட்டுப் பணிப்பெண்கள் அதில் சேரமாட்டார்கள். அவர்களுக்கு வேறு விதிகள் உண்டு. மற்றவர்களுக்கு, 2016 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் சம்பளம், வேலை நேரம், விடுப்பு, பிடித்தம், நோட்டீசு ஆகியவற்றை முதலாளி எழுத்தில் கொடுத்தாக வேண்டும். சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு ஐ.பி.ஏ. என்னும் அனுமதிக் கடிதம் முன்னதாகவே வரும். அதிலும் அடிப்படைச் சம்பளம், அலவன்சு, பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளத்தை. மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஏன் என்பதைக் கணக்காகவே சொல்லுகிறோம். செக்ரோல் எழுதும் கைக்குக் கணக்கில்லாமல் பேச வராது.

உடலுழைப்புத் தொழிலாளி மாதம் 4,500 வெள்ளி வரையிலும், மற்றவர் 2,600 வெள்ளி வரையிலும் அடிப்படைச் சம்பளம் வாங்கினால், வாரத்துக்கு 44 மணி நேர வேலை. (இங்கே 2023 முதல் 45.) அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி, ஆக 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணிச் சம்பளம் வரும். 1,716 வெள்ளியும் அடிப்படைச் சம்பளமானால் மணிக்கு 9 வெள்ளி. ஓவர்டைம் 13 வெள்ளி 50 காசு. அதே 1,716-ஐ, அடிப்படை 1,144, அலவன்சு 572 என்று பிரித்து எழுதினால் மணிக்கு 6 வெள்ளி. ஓவர்டைம் 9 வெள்ளிதான். மாதத்துக்கு 72 மணி வரை ஓவர்டைம் செய்யலாம். அத்தனையும் செய்கிறவனுக்கு 324 வெள்ளி குறைகிறது! இதில் முதலாளி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. கையெழுத்து போட்டது நம் பையன். பிறகு சங்கம் வந்து என்ன கேட்க முடியும்?

இன்னொன்று. வொர்க் பெர்மிட்காரருக்கு அங்கே சேமநிதி கிடையாது. இங்கே 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி போடும் 13 விழுக்காடு அங்கே இல்லை. வெள்ளியை மாற்றினால் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணும்போது இதையும் எண்ணுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளிக்காகக் கட்டும் லெவி முதலாளியின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி காசு வாங்குவது குற்றம். சிங்கப்பூர் ஏஜெண்டு, ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சம்பளம், சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள்ளும், ஓவர்டைம் 14 நாட்களுக்குள்ளும் வர வேண்டும். வராவிட்டால் நம்மவர்கள் செய்வதென்ன? கோபித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மாதங்கள் கழிந்து, பேச்சுவாக்கில் நம்மிடம் சொல்லுகிறார்கள். வேலையில் இருப்பவர், பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்கலாம். வேலையை விட்டவருக்கு 6 மாதந்தான். முதலில் சமரசப் பேச்சு; தீராவிட்டால், 2017-இல் ஏற்படுத்திய வேலை உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே போய் நிற்பவரிடம் சம்பளச் சீட்டும், தாமே குறித்து வைத்த வேலை நேரக் கணக்கும் இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் போகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அனுமதிக் கடிதம் வந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் சங்க மேசைக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்லுகிறோம்.