டிரெஸ்டன் ஆலயத்தின் ஓர்கன்



ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலே, 1736ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி பிற்பகல் 2 மணி தொடக்கம் 4 மணி வரை ஓர் இசைக் கச்சேரி நிகழ்ந்தது. நிகழ்ந்த இடம் பிரவுன்கிர்கே என்னும் லூதரன் தேவாலயம். வாசித்தவர் யோகான் செபஸ்தியான் பாக். வாசித்த கருவி, கொட்பிரீட் சில்பர்மான் என்னும் பெருங்கலைஞர் அமைத்து, ஒரு வாரத்திற்கு முன்னரே அரங்கேறிய புதிய ஓர்கன்.

ஓர்கனும் நம் ஆர்மோனியத்தைப் போலக் காற்றினால் ஒலிப்பதே. ஆயினும் ஆர்மோனியத்தில் அதிர்வன சிறு உலோக நாக்குகள். ஓர்கனிலோ பெரும்பாலும் புல்லாங்குழல் போன்ற குழல்களே பாடுகின்றன. ஒரே தன்மையான நாதம் தரும் குழல்கள் ஒரு வரிசையாகும். சில்பர்மான் அமைத்த ஓர்கனில் இத்தகைய வரிசைகள் 43 இருந்தன. விரல்களுக்கு மூன்று அடுக்குக் கட்டைகளும், கால்களுக்குத் தனிக் கட்டைகளும் இருந்தன.

1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் மீது குண்டுமாரி பொழிந்தது. தீயின் வெம்மையைத் தாங்கமாட்டாது, 15ஆம் திகதி காலை அவ்வாலயத்தின் மாபெரும் கற்கூரை இடிந்து வீழ்ந்தது. ஓர்கனும் அழிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்குவியலாய்க் கிடந்த ஆலயம், உலகெங்குமிருந்து வந்த நன்கொடைகளால் மீண்டெழுந்து, 2005 ஒக்டோபர் 30இல் திறந்துவைக்கப்பட்டது. கரும்பழங் கற்களும் வெண்புதுக் கற்களும் அதன் சுவரிலே கலந்து நிற்கின்றன.

ஓர்கனை எவ்வாறு மீட்பது என்ற வினாவோ பெரும் வாதத்தை எழுப்பிற்று. பாக் தொட்ட கருவியை அச்சுப் பிசகாமல் மறுபடியும் செய்க என்றனர் ஒரு சாரார். ஆலயத்தைப் பழைய வடிவிலே கட்டிவிட்டு, அதன் குரலை மட்டும் மாற்றுதல் முறையோ என்பது அவர்கள் கேள்வி. பிற்காலத்தார் இயற்றிய இசையையும் வாசிக்கத்தக்க கருவி வேண்டும் என்றனர் மறு சாரார். முடிவில், வெளித்தோற்றம் பழையதாகவும், உள்ளே 67 வரிசைகளும் நான்கு அடுக்குக் கட்டைகளும் கொண்டதாகவும் புதிய ஓர்கன் அமைந்தது. அதனைச் செய்தது பிரான்சிலுள்ள ஸ்திராஸ்பேர்க் நகரத்துக் கேர்ண் பட்டறை.

முதற் சாராரின் ஏக்கம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் செய்த முடிவு தக்கதே என்பது என் கருத்து. சில்பர்மானின் ஓர்கனே அழிவதற்கு முன்னர் பல முறை மாற்றமும் விரிவும் பெற்றிருந்தது. வழிபடும் மக்களின் தேவையோடு அது வளர்ந்து வந்தது. பழைய நாதத்தையே கேட்க விழைவோர்க்கும் வழியுண்டு. அதே நகரின் கத்தோலிக்கப் பேராலயத்து ஓர்கன், சில்பர்மானின் இறுதிப் படைப்பு. 1944இலேயே கழற்றிப் பாதுகாக்கப்பட்டமையால் அதன் குழல்கள் தப்பின.

இன்னுமொன்று. சில்பர்மான் தம் தொழிலைக் கற்றது, ஸ்திராஸ்பேர்க்கில் வாழ்ந்த தமையனார் அந்திரேயாஸிடம். அவர் வித்தை பயின்ற ஊரிலிருந்தே, போரிலே எதிரெதிர் நின்ற நாடுகளின் எல்லையைக் கடந்து, புதிய ஓர்கன் டிரெஸ்டனுக்கு வந்தது. அழிந்த கருவியைத் திரும்பப் பெறுதல் எவர்க்கும் இயலாது. அதைச் செய்யும் கலை அழியாதிருந்தமையாலேயே அவ்வாலயத்தில் இன்று மீண்டும் இசை ஒலிக்கின்றது.